உப்பின் போக்கும் உயிரணுவின் வளர்ச்சியும்

கண்ணாடித் தட்டில் வளரும் நாயின் உயிரணுவுக்குள் உப்பு புகுவதையும் வெளிப்போவதையும் அளந்துகொண்டிருப்பதால் மக்கட்கு யாது பயன் என்று வினவுவார் உளர். வினவுதல் தகும், ஆயின் அவ்வினாவில் மறைந்துள்ள இகழ்ச்சி தகாதென்பதே நமது கருத்து.

நம் சிறுநீரகங்கள் நாள்தோறும் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்தினின்று வடிக்கின்றன. அதில் ஒன்றரை லிட்டரளவே சிறுநீராகக் கழிகின்றது. எஞ்சியதை மீட்டுத் தருவன நுண்குழல்களின் உட்புறத்தே நெருங்கி அடுக்கப்பட்ட படல உயிரணுக்களாம். அவற்றின் தலையாய கருவி, டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஸ்கௌ என்பார் நண்டின் நரம்பில் ஆராய்ந்து 1957-ஆம் ஆண்டில் வெளியிட்ட நொதியே. அது மூன்று சோடிய அயனிகளை வெளித்தள்ளுந்தோறும் இரண்டு பொட்டாசிய அயனிகளை உள்ளேற்கின்றது. இதன்பொருட்டு 1997-இல் அவருக்கு நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பெற்றது.

இவ்விறைப்பு கழிவகற்றும் பணிக்கு மட்டும் உரியதன்று. உயிரணுவினுள் பொட்டாசியம் மிகக் குறையின் புரதம் உண்டாதல் தடைப்படும். புரதமின்றேல் வளர்ச்சி ஏது? எனினும், உடனிகழ்வது வேறு, காரணமாவது வேறு. ஒரு சிறுநீரகத்தை நீக்கினால் மற்றது பருக்கின்றது. அதன் உப்பு மீட்கும் வேலையும் மிகுகின்றது. வேலை மிகுந்தமையால் பருத்ததோ, பருத்தமையால் வேலை மிகுந்ததோ என்பதை முழு உடலை நோக்கித் துணிதல் எளிதன்று. ஒன்றை மாற்றிப் பிறவற்றை மாற்றாது நிறுத்திப் பார்த்தற்குத் தட்டில் வளரும் உயிரணுவே ஏற்றது.

அமெரிக்காவில் மாடின், டார்பி என்னும் இருவர் ஒரு காக்கர் ஸ்பானியல் நாயின் சிறுநீரகத்தினின்று 1958-இல் எடுத்த உயிரணுக்களின் வழிவந்தவை இன்றும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படுகின்றன. அவை தட்டை மூடியபின் உப்பையும் நீரையும் தமக்கடியில் இறைத்து, ஆங்காங்கே குமிழ்களாக எழும்புகின்றன. ஊவாபெயின் என்னும் நஞ்சினால் இறைப்பை நிறுத்தின் குமிழ்களும் அடங்குகின்றன. கொலாஜன் கூழில் வளர்த்தவிடத்து அவ்வணுக்களே நீர் நிறைந்த பைகளாயின.

இப்பைகளை நோக்கி நகைத்தல் எளிது. ஆனால், குடும்பவழி வரும் நீர்ப்பைச் சிறுநீரக நோயில் இத்தகைய பைகளே மனிதனுள் ஆண்டுதோறும் பெருத்து, ஈற்றில் சிறுநீரகத்தைச் செயலறச் செய்கின்றன. சுழல் ஏ.எம்.பி. என்னும் பொருள், நலமுள்ள அணுக்களின் பெருக்கத்தை அடக்க, நோயுற்ற அணுக்களிலோ பெருக்கத்தையும் குளோரைடு சுரப்பையும் ஒருங்கே தூண்டுகின்றதென்று வளர்ப்பணுக்களிடத்தே அறியப்பட்டது. அப்பொருளைக் குறைக்கும் டோல்வாப்டான் என்னும் மருந்தை இந்நோய்க்கென ஜப்பான் 2014-இலும், அமெரிக்கா 2018-இலும் ஏற்றன. அது நோயைத் தீர்ப்பதன்று. அதன் விரைவைத் தணிப்பது. ஈரலுக்கு ஊறு நேராவண்ணம் காத்தலும் வேண்டும். ஆயினும், சிறுநீரகம் செயலறும் நாள் சில ஆண்டு தள்ளிப்போதல் நோயாளிக்குச் சிறு பேறோ?

தட்டு சிறுநீரகமாகாது; நாயணு மனிதனாகாது. இதனை மறவாதவனே நல்ல ஆராய்ச்சியாளன். ஆகலின் மாணவ நண்பர்காள், இதனால் இன்று என்ன பயன் என்று மட்டும் கேளாதீர்; இது மெய்தானோ என்று முதற்கண் கேண்மின். மெய்யென்று தேர்ந்த சிறு செய்தியே பின்னாளில் மருந்தாதற்கும் அடியாகும்.