மலைக் கோயில்களும் பக்திப் பெருமையும்



"பக்தி இல்லாவிட்டால் கலை ஏது? கடவுள் இல்லையென்று சொல்லுகிறவர்கள் ஒரு கோபுரமாவது கட்டியதுண்டா?" என்று பக்திமான்கள் நம்மைக் கேட்பது வழக்கம். அவர்கள் போகும் வழியிலேயே நாமும் போய், அயல்தேசத்துக் கோயில்கள் சிலவற்றைப் பார்த்து வரலாம்.

ஸ்பெயின் தேசத்தின் வடக்கெல்லையில், பிரெனீஸ் மலைக்குள், கட்டலோனியாவைச் சேர்ந்த போயி பள்ளத்தாக்கு என்று ஒன்று இருக்கின்றது. சில சிற்றூர்கள், புல்வெளி, ஆடுமாடு, குளிர்காலத்தில் பனி. பழைய நாளில் அதன் செல்வமெல்லாம் இவ்வளவே. அவ்வூர்களில் 11, 12-வது நூற்றாண்டுகளில் எழுந்த கற்கோயில்களில் ஒன்பதை 2000-ம் வருஷத்தில் யுனெஸ்கோ சங்கத்தார் உலகப் பொதுச் சொத்தாகச் சேர்த்துக் கொண்டார்கள். சேர்த்தது நியாயமே. தாவுல் என்னும் ஊரில் அர்ச்சியசிஷ்ட கிளெமெந்து கோயிலின் மணிக்கூண்டு ஆறு நிலையோடு சதுரமாக, வளைவுச் சன்னல்களோடு, 900 வருஷக் காற்றையும் பனியையும் தாங்கி நிற்கின்றது. அதை நிற்க வைத்தது எது? உள்ளூர்க் கல்லைப் பதம் பார்த்து உடைத்து, சாந்து குழைத்து இணைத்து, பனி சறுக்கி விழும்படி கூரையைச் சரித்துப் பலகைக்கல் பாவின தொழிலாளியின் அறிவா? உள்ளே முழங்காலிட்டவர்களின் ஜெபமா? கட்டின முறைகூட வானத்திலிருந்து இறங்கியதல்ல. இத்தாலியின் லம்பார்டிச் சீமைக் கொத்தர்களிடமிருந்து வந்தது.

ஆனால் பேர் யாருக்குப் போயிற்று என்று பாருங்கள். 1123-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி ராமோன் என்னும் மேற்றிராணியார் வந்து இக்கோயிலைப் பிரதிஷ்டை செய்தார் என்று தூணிலே எழுதி வைத்தார்கள். மறுநாளே அதே ஊர் மாதா கோயிலுக்கும் அவரே பிரதிஷ்டை செய்தார். ஒரு நாள் வந்து மந்திரித்த தண்ணீரைத் தெளித்துப் போனவருக்குத் தேதியோடு எழுத்து! வெயிலிலும் குளிரிலும் கல் சுமந்தவனுக்கு ஓர் எழுத்துமில்லை. சுவரில் சித்திரம் எழுதினவன் பேரும் தெரியாது. ஆராய்ச்சிக்காரர்கள் வேறு வழியின்றி அவனைத் 'தாவுல் ஆசிரியன்' என்று அழைக்கிறார்கள். பணம் கொடுத்தவர்களோ எரில் வமிசத்துப் பிரபுக்கள். முஸ்லிம்களோடு நடந்த யுத்தங்களில் கிடைத்த கொள்ளையே அந்தப் பணத்துக்கு மூலம் என்று சரித்திரக்காரர்கள் சொல்லுகிறார்கள். பக்தியின் முதலீடு இது!

அந்தச் சுவரில் ஒரு படம். பணக்காரன் வாசலில் உடம்பெல்லாம் புண்ணாக லாசரு என்னும் ஏழை கிடக்கிறான். ஒரு நாய் அவன் புண்ணை நக்குகின்றது. ஏழைக்குச் சுகம் செத்த பிறகு கிடைக்கும் என்பதே அக்கதையின் பாடம். பிரபுவின் பணத்தில் எழுந்த சுவரில் வேறென்ன பாடம் இருக்க முடியும்? ஆனாலும் அந்த நாயை நாம் மெச்சாமல் இருக்க முடியாது. அது வேதத்தில் படித்து எழுதின நாயல்ல, தெருவில் கண்ணால் பார்த்து எழுதின நாய்.

இனி, கடவுளின் சக்தியைப் பார்ப்போம். அதே மலைச்சீமையில் மூர் என்னும் இடத்துக் கோயிற் சித்திரங்கள் 1919-ம் வருஷத்தில் வியாபாரிகள் கைக்குப் போய், கப்பலேறி, 1921-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. எந்த அர்ச்சியசிஷ்டரும் குறுக்கே வந்து நிற்கவில்லை. போயி பள்ளத்தாக்கும் இப்படிப் பறிபோய்விடுமென்று பயந்த பார்சிலோனா காட்சிசாலைச் சபையார், இத்தாலியிலிருந்து கைதேர்ந்த தொழிலாளிகளை வரவழைத்தார்கள். அவர்கள் சித்திரத்தின்மேல் துணியைப் பரப்பிப் பசை தடவிக் காய விட்டு, மெல்ல இழுத்தார்கள். சுவரில் இருந்த ஏசுவும் அப்போஸ்தலர்களும் துணியோடு உரிந்து வந்தார்கள்! சுருட்டிக் கட்டிப் பார்சிலோனாவுக்குக் கொண்டு போனார்கள். இடி விழவில்லை, எவர் கையும் விளங்காமல் போகவில்லை. எரில் கிராமத்து மரச்சிலைகளின் கதி இன்னும் வேடிக்கையானது. சிலுவையிலிருந்து இறக்கும் காட்சியைச் சேர்ந்த ஏழு உருவங்கள் 1907-ல் அகப்பட்டன. இன்று மகன் வீக் நகரத்துக் காட்சிசாலையிலும், தாயார் பார்சிலோனாவிலுமாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

தாவுல் ஏசு தம் கையிலுள்ள புத்தகத்தில் தாமே உலகத்துக்கு வெளிச்சமென்று எழுதி வைத்துக் கொண்டிருக்கிறார். அவருடைய சொந்தக் கோயிலிலோ, 2013-ம் வருஷம் முதல், வெறுஞ்சுவரின்மேல் மின்சார விளக்கைக் கொண்டுதான் அவரைக் காட்டுகிறார்கள். அந்தக் காட்சி பார்க்கத் தகுந்ததே. வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்பதே நமது கேள்வி.

படங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்கலாம். ஈரச் சுவரில் அழிவதைவிடக் காட்சிசாலையில் இருப்பது நல்லது என்பது நமது அபிப்பிராயம். ஆனால் அந்தக் கிராமத்தார் இழந்தது சொற்பமல்ல. அவர்களிடம் மிஞ்சியவற்றில் உயிருள்ளது ஒன்றுண்டு. கோடையில் பொழுது மிக நீண்டிருக்கும் நாட்களையொட்டி, எரியும் பந்தங்களைத் தோளில் சுமந்து இரவில் மலையிலிருந்து ஊருக்குள் ஓடி வருகிறார்கள். 2015-ல் இதையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. சூரியன் நீண்டு காயும் காலத்துப் பண்டிகைக்கும் அர்ச்சியசிஷ்டர்களின் பேர்களை ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

மேற்றிராணியாரின் பேரை அழிக்கும்படி நாம் சொல்லவில்லை, அதுவும் சரித்திரந்தான். கோயில் வாசலில், "இது பேர் தெரியாத கொத்தர்களும் தச்சர்களும் சித்திரக்காரர்களும் செய்தது" என்று முதல் வரியாக ஒரு பலகையில் எழுதித் தொங்கவிட எவ்வளவு செலவாகும் என்று மாத்திரம் கேட்கிறோம்.