ஆவியென்று சொல்லி ஏய்க்கின்றனர்!

"இது புகையன்று, ஆவிதானே!" என்று வாதிடும் மாணவனுக்கு நாம் அளிக்கும் விடை யாது? பிரம்பா? வசையா? அவை விடையாகா.

மின்சிகரெற்றில் எழுவது வெறும் நீராவியன்று. மின்கலச் சூட்டில் ஆவியாகும் அத்திரவத்திலே பெரும்பாலும் நிக்கொற்றின் உண்டு. யாழ்ப்பாணத்துக் கமக்காரர் தலைமுறை தலைமுறையாய்ப் பயிரிட்ட புகையிலையிலுள்ள அதே நஞ்சு, இன்று பழவாசனை பூசிக்கொண்டு பேனா வடிவிலே பாடசாலைப் பையினுள் நுழைகின்றது. மூளையோ ஏறத்தாழ 25 வயதுவரை வளர்வது. அதற்குள் அடிமைப்பட்டவன் எளிதில் மீளான். அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி, இளைஞரிடையே இது கொள்ளைநோயாகிவிட்டதென 2018 டிசெம்பரிலேயே எச்சரித்தார்.

சட்டம் இல்லையா? உண்டு. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பதைத் தடுக்கின்றது. ஆனால் சட்டம் கடைவாசலோடு நின்றுவிடும். பிள்ளையின் மனத்தினுட் புகாது. அங்கே புக வேண்டியவர்கள் நாமே.

பெற்றோரே! ஆசிரியரே! தீர்ப்பை எழுதிவைத்துக்கொண்டு விசாரணை நடத்தாதீர்கள். முதலிற் பிள்ளையின் வாக்குமூலத்தைக் கேளுங்கள். மிகைப்படுத்தாது உண்மையை உரையுங்கள். ஒரு பொய் வெளிப்பட்டால் நூறு உண்மைகளும் தள்ளுபடியாகும். வாயிற் சுருட்டோடு புத்தி புகலாதீர்கள். தன் அடிமைத்தனத்தால் இலாபம் அடைபவன் எவனென்பதை அவனே உணரச் செய்யுங்கள். அடிமைத்தளையை வெறுக்கும் வயதல்லவா அது!

நாம் வாய்மூடியிருந்தால் வியாபாரி வாய்திறப்பான். அவன் சொல் இனிக்கும். அதன் விலையை நம் பிள்ளைகளே செலுத்துவர்.