கத்தியும் கட்டுப்பாடும்: கடும் உடற்பருமன் சிகிச்சை பற்றிய சில சிந்தனைகள்

இருதயத்தின் குருதிக்குழாய் அடைபட்ட ஒருவர் சத்திரசிகிச்சைக்கு உட்படும்போது, அவர் அதுவரை உண்ட உணவின் கணக்கை எவரும் கேட்பதில்லை. நோய் தீர ஒரு வழி கிடைத்ததே எனச் சுற்றத்தார் ஆறுதலடைவர். ஆனால் கடும் உடற்பருமனால் மூச்சுத் திணறி, முழங்கால் தேய்ந்து, நீரிழிவுக்கும் ஆளான ஒருவர் இரைப்பைச் சத்திரசிகிச்சையை நாடும்போது அவரை எதிர்கொள்வது ஏளனமே. வாயைக் கட்டத் தெரியாதவர் வயிற்றை வெட்டக் கொடுக்கிறார் என்ற தீர்ப்பு உடனே வழங்கப்பட்டுவிடுகின்றது. பாமரர் மட்டுமன்றிக் கற்றோரும், சில வேளைகளில் மருத்துவத்துறை சார்ந்தோருமே இத்தீர்ப்பை வழங்குகின்றனர் என்பதுதான் வருந்தத்தக்கது. மருத்துவப் பிரச்சினையொன்றை ஒழுக்கப் பிரச்சினையாகத் திரித்துவிடும் இப்போக்கு, ஆராய்ந்து நிராகரிக்கப்பட வேண்டியதாகும்.

விவாதம் எதைப் பற்றியது என்பது முதலில் தெளிவாதல் வேண்டும். நான்கைந்து கிலோகிராம் எடை கூடிய ஒருவரின் பிரச்சினையன்று இது. எடையைக் கிலோகிராமிற் கொண்டு, மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறுவது உடற்றிணிவுச் சுட்டி. அது 40 அல்லது அதற்கு மேற்பட்டோரும், 35க்கு மேற்பட்டு நீரிழிவு போன்ற கடும் நோய்களையுடையோருமே சத்திரசிகிச்சைக்கு உரியோர் என ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்கள் கூட்டிய மாநாடு 1991இல் வரையறுத்தது. 160 சென்ரிமீற்றர் உயரமானவருக்குச் சுட்டி 40 என்பது ஏறத்தாழ 102 கிலோகிராம் எடையாகும். சத்திரசிகிச்சையாளரின் அமெரிக்கச் சங்கமும் சர்வதேசச் சம்மேளனமும் 2022இல் இவ்வெல்லையைத் தளர்த்தி, குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு ஆளாகும் ஆசிய மக்களுக்கு 27.5 என்ற சுட்டியை எல்லையாகக் கொண்டன. எனினும் ஈண்டு ஆராயப்படுவது கடும் உடற்பருமனே.

உணவைக் குறைத்து உடலை வருத்தினால் எதுவும் கைகூடும் என்போர், அவ்வழி முறையாகவும் தாராளமான வசதிகளோடும் பரிசோதிக்கப்பட்டதை மறந்துவிடுகின்றனர். ஐக்கிய அமெரிக்காவில் நீரிழிவும் மிகையெடையும் உடைய 5145 பேரைக் கொண்டு 2001இல் தொடங்கிய ஆய்வில், ஒரு பகுதியினருக்கு உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் தொடர்ச்சியான ஆலோசனையும் அளிக்கப்பட்டன. முதலாண்டில் அவர்களது எடை 8.6 வீதம் குறைந்தது. ஆய்வு முடிவுற்றபோது எஞ்சியது 6 வீதமே. சாதாரண ஆலோசனை மட்டும் பெற்றோர் 3.5 வீதம் இழந்திருந்தனர். மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவற்றில் இரு பகுதியினருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படாமையால் 2012இல் அம்முயற்சி நிறுத்தப்பட்டது. இதனால் உணவுக் கட்டுப்பாடு பயனற்றது என்பது பொருளன்று. நடமாட்டமும் குருதிச் சீனியும் அதனாற் சீரடைந்தன. ஆனால் 40 கிலோகிராம் குறைந்தாற்றான் மூச்சுவிட முடியும் என்ற நிலையிலுள்ளவருக்கு 6 வீதம் என்பது விடையாகாது.

இது மனவுறுதியின் தோல்வியா? மெல்பேண் நகரில் 50 பேரைப் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து ஆராய்ந்தோர் 2011இல் வெளியிட்ட முடிவு இதற்கு விடை தருகின்றது. எடை குறைந்ததும் பசியைத் தூண்டும் ஓமோன் பெருகிற்று. நிறைவைத் தரும் ஓமோன்கள் குன்றின. ஓராண்டு கடந்த பின்னரும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இழந்த எடையை மீட்டெடுக்க உடலே போராடுகின்றது. அப்போராட்டத்திற் சிலர் வெல்லலாம்; தோற்றவரை ஒழுக்கங் கெட்டவரென்பது அறியாமையாகும். உணவளவை வலியுறுத்தத் திருக்குறளின் மருந்து அதிகாரத்தைத் துணைக்கழைப்போர், நோயாளியின் நிலையையும் நோயின் தன்மையையும் காலத்தையும் மருத்துவன் எண்ணிச் செயற்படல் வேண்டும் என்று அதே அதிகாரம் விதிப்பதையும் மனங்கொள்வது நன்று.

இனிச் சத்திரசிகிச்சையின் பயனை நோக்கலாம். சுவீடனில் 1987இல் தொடங்கிய ஆய்வு, சத்திரசிகிச்சை பெற்ற 2010 பேரையும், அவர்களையொத்த, வழமையான சிகிச்சை மட்டும் பெற்ற 2037 பேரையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பின்னையோரின் எடை கூடியதோ குறைந்ததோ 2 வீதத்துக்குள்ளேயே நின்றது. இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சை பெற்றோர் பத்தாண்டின் பின்னரும் 25 வீதம் எடை குறைந்தவராயிருந்தனர். ஏனைய முறைகளிலே பயன் குறைவாயினும், அதுவும் 14 முதல் 16 வீதமாகும். சத்திரசிகிச்சை பெற்றோரிடையே மரண ஆபத்து ஏறத்தாழ 29 வீதம் குறைவென 2007இல் அறிவிக்கப்பட்டது. 2020இல் வெளியான கணிப்பின்படி அவர்களது ஆயுள் ஏனையோருடையதைவிட 3 ஆண்டு கூடியது. ஆயினும் பொதுமக்களின் ஆயுளைவிட அது 5.5 ஆண்டு குறைந்ததே. இவ்விரண்டாம் எண்ணை மறைத்து முதலாம் எண்ணை மட்டும் விளம்பரஞ் செய்வோரும் நேர்மையாளரல்லர்.

நீரிழிவைப் பொறுத்தவரை சான்று இன்னும் வலியது. உரோம் நகரில் 60 நோயாளரைக் குலுக்கல் முறையிற் பிரித்து நடத்திய ஆய்வில், ஈராண்டின் பின்னர் இரைப்பை மாற்றுவழி பெற்றோருள் 75 வீதத்தினர் மருந்தின்றியே நீரிழிவிலிருந்து விடுபட்டிருந்தனர். மருந்துச் சிகிச்சை பெற்றோருள் ஒருவரும் விடுபடவில்லை. பத்தாண்டின் பின்னர் சத்திரசிகிச்சை பெற்ற இரு பிரிவினருள் 37.5 வீதத்தினர் அந்நிலையில் இருந்தனர். மருந்துப் பிரிவில் விடுபட்டவர் ஒருவரே. அவரும் இடையிற் சத்திரசிகிச்சைக்கு மாறியவராவர்! இதற்கு மேலும் இருவகைச் சிகிச்சையும் சமம் என வாதிடுவது சான்றைக் கண்டும் காணாதிருப்பதாகும்.

மறுதரப்பாரிடம் வலுவான வாதங்கள் இல்லாமலில்லை. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் 1954இல் அறிமுகப்படுத்திய சிறுகுடல் மாற்றுவழிச் சத்திரசிகிச்சை ஈரலைப் பழுதாக்கியது, சிறுநீரகக் கற்களை உண்டாக்கியது, ஈற்றிற் கைவிடப்பட்டது. சுவீடன் ஆய்வு குலுக்கல் முறையில் அமையாததற்கும் அக்காலச் சத்திரசிகிச்சை மரணங்கள் பற்றிய அச்சமே காரணம். அவ்வாய்விலும் 2010 பேரில் ஐவர் சத்திரசிகிச்சையை அடுத்து இறந்தனர். யூற்றாவில் நிகழ்ந்த ஆய்வொன்று, நோயால் விளையும் மரணங்கள் குறைந்தபோதும் விபத்து, தற்கொலை முதலியவற்றால் நேரும் மரணங்கள் கூடியதை 2007இல் எடுத்துக்காட்டியது. இரும்புச் சத்தையும் விற்றமின் பீ-12ஐயும் வாழ்நாள் முழுதும் கவனித்தல் வேண்டும். இவை யாவும் உண்மையே. ஆனால் இவை வேண்டி நிற்பது கவனமான தெரிவையும் தொடர்ச்சியான பராமரிப்பையுமேயன்றிச் சத்திரசிகிச்சையை மறுப்பதையன்று. வெட்டித் தைத்தவுடன் கடமை முடிந்ததெனக் கருதும் சத்திரசிகிச்சையாளனைக் கண்டிக்க இவ்வாதங்கள் உதவும். நோயாளியைக் கண்டிக்க உதவா.

புதிய மருந்துகள் வந்தபின் கத்திக்கு வேலையில்லை என்பது அண்மைக்கால வாதம். பழைய எடைக்குறைப்பு மருந்துகளின் வரலாறு நம்பிக்கை தருவதன்று. இருதய வால்வுகளைப் பழுதாக்கிய மருந்து 1997இலும், உளப்பாதிப்பை ஏற்படுத்திய மருந்து 2008இலும் விற்பனையிலிருந்து அகற்றப்பட்டன. ஆயினும் செமாகுளூட்டைட் 68 வாரத்தில் 14.9 வீதமும் டிர்செபட்டைட் உயர்ந்த அளவில் 72 வாரத்தில் 20.9 வீதமும் எடையைக் குறைத்ததாக முறையே 2021இலும் 2022இலும் வெளியான ஆய்வுகள் புறக்கணிக்கத்தக்கனவல்ல. செமாகுளூட்டைட் இருதய நோயாளரின் ஆபத்தை 20 வீதத்தாற் குறைப்பதும் 2023இல் நிறுவப்பட்டது. ஆனால் அம்மருந்தை நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரு பங்கை மீளப் பெற்றனர். அதாவது அது வாழ்நாள் மருந்து. மேலும், இம்மருந்துகள் பின்பற்றும் குடல் ஓமோன், இரைப்பை மாற்றுவழியின் பின் உணவுண்டதும் இயல்பாகவே மிகுந்து சுரப்பதாகும். எனவே அவற்றின் வெற்றி கத்திக்கு எதிரான சான்றென்பதைவிட, மனவுறுதிக் கோட்பாட்டுக்கு எதிரான சான்றென்பதே பொருந்தும்.

வாழ்நாள் மருந்தென்றால் வாழ்நாள் செலவு. இலவச மருத்துவ சேவையைப் பேணும் இலங்கை போன்ற நாட்டில் இது வெறும் கணக்கன்று. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அத்தியாவசிய மருந்துகளுக்கே தட்டுப்பாடு நிலவியதை மறக்கவியலாது. இறக்குமதி மருந்தொன்று தடைப்பட்டாற் சிகிச்சையும் தடைப்படும். ஒருமுறை செய்த சத்திரசிகிச்சை அவ்வாறு தடைப்படுவதில்லை. அதற்கும் பயிற்சியும் உபகரணமும் பின்தொடர்தலும் வேண்டுமென்பது உண்மை. ஆயினும், வசதியுள்ளோர் இரண்டில் ஒன்றைத் தனியார் வைத்தியசாலையில் விலைக்கு வாங்க, வறியோருக்கு மட்டும் அறிவுரை இலவசமாய்க் கிடைப்பதை எந்த நியாயத்தால் ஏற்பது?

நோயின் வேர் சமுதாயத்திலன்றோ உள்ளது, சந்தையைத் திருத்தாமல் வயிற்றைத் திருத்துவதால் என்ன பயன் எனக் கேட்போருமுளர். சீனி மிகுந்த பானங்களும் மலிந்த எண்ணெய்ப் பண்டங்களும் நடக்க வழியற்ற நகரங்களும் நோயை வளர்க்கின்றன என்பதில் ஐயமில்லை. அவற்றை எதிர்த்தல் அரசினதும் மக்களினதும் கடமையே. ஆயினும் தடுப்பு வேறு, சிகிச்சை வேறு. நுளம்பை ஒழிக்கும்வரை மலேரியா நோயாளிக்கு மருந்து கொடாதிருக்க வேண்டும் என எவரும் கூறியதில்லை.

ஆகவே, கடும் உடற்பருமனுடையவர் முன் வைக்கப்பட வேண்டியது உணவுமுறை, மருந்து, சத்திரசிகிச்சை என்ற மூன்றினதும் பயன்களும் தீங்குகளும் அடங்கிய உண்மையான கணக்காகும். அக்கணக்கிலே நீடித்த எடைக்குறைவையும் நீரிழிவு தணிதலையும் பொறுத்தவரை சத்திரசிகிச்சையே இன்றுவரை முன்னிற்கின்றது. தெரிவு நோயாளியினுடையது, அதற்குரிய வாய்ப்பை அளிப்பது பொதுமருத்துவத்தின் பொறுப்பு. அவ்வாய்ப்பை மறுத்துவிட்டுக் கட்டுப்பாட்டைப் போதிப்பது, நீரில் மூழ்குபவனுக்குக் கயிற்றை வீசாது, கரையில் நின்று நீந்தும் ஒழுக்கத்தைப் பற்றிப் பிரசங்கஞ் செய்வதேயாகும்.