கைவிடப்பட்ட வழக்குகளைக் கையில் எடுப்போம்

யாழ்ப்பாணம், 2000 அக்டோபர் 19. ஊரடங்கு இரவு. ராணுவக் காவல் சூழ்ந்த பகுதியில் இருந்த தன் வீட்டில் எழுதிக்கொண்டிருந்த பி.பி.சி. தமிழோசைச் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜனைச் சன்னல் வழியே சுட்டுக் கொன்றார்கள். வீட்டுக்குள் கையெறி குண்டும் வீசினார்கள். இருபது ஆண்டுகள் இழுத்தடிக்கப்பட்ட வழக்கை 2021இல் இலங்கை கைவிட்டது. ஆனால் 2022 பிப்ரவரியில், அந்தக் கொலை தொடர்பான போர்க்குற்ற விசாரணையில் பிரிட்டன் காவல்துறை ஒருவரைக் கைது செய்தது. அவர் பின்னர் விசாரணைக்கு உட்பட்டு விடுவிக்கப்பட்டார். ஆனாலும் கொலை நடந்த நாடு மூடிய கோப்பை இன்னொரு நாடு திறந்தது சிறிய செய்தி இல்லை. பத்திரிகைச் சுதந்திரத்துக்காக அரசுகள் கைகோக்க வேண்டும் என்று நாம் சொல்வது இத்தகைய செயலைத்தான்.

2019இல் பிரிட்டனும் கனடாவும் முன்னின்று தொடங்கிய ஊடகச் சுதந்திரக் கூட்டணியில் இன்று சுமார் 50 நாடுகள் இருக்கின்றன. இந்தியா இல்லை. சேர வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

கூட்டணியின் குறைகளை மறைக்கத் தேவையில்லை. 2019 ஜூலையில் லண்டனில் அதன் தொடக்க மாநாடு நடந்தபோது, அதே நகரச் சிறையில் விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சே அடைபட்டிருந்தார். இத்தகைய மாநாடுகளின் வரம்பு முன்பே தெரிந்ததுதான்: 2006இல் யுனெஸ்கோவின் பத்திரிகைச் சுதந்திர நாள் மாநாடு கொழும்பில் கூடியிருந்த மே 2 அன்று, யாழ்ப்பாணத்தில் ‘உதயன்’ நாளிதழ் அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர்கள் இருவரைக் கொன்றனர். மாநாட்டுத் தீர்மானம் துப்பாக்கியைத் தடுப்பதில்லை. ஆனால் உலகம் விடாமல் கேட்டால் பலன் உண்டு. 2009இல் 20 ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்ட இலங்கைச் செய்தியாளர் ஜெ.எஸ். திசைநாயகத்துக்காகப் பல நாடுகளிலிருந்து குரல் எழுந்தது. மறு ஆண்டே அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது.

‘இது அந்நியத் தலையீடு’ என்பார்கள். கருத்துச் சுதந்திரத்தைக் காக்கும் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1979இலேயே சேர்ந்துவிட்டது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்கும் சர்வதேச அமைப்பில் 2010இல் உறுப்பினரானது. பணத்தின் தடத்தைப் பிடிக்க அயல்நாடுகளின் துணையை நாடும் அரசு, பேனாவைக் காக்க மட்டும் ஏன் தயங்க வேண்டும்? எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் 2025ஆம் ஆண்டுப் பட்டியலில் 180 நாடுகளுள் நமக்கு 151ஆவது இடம். தயங்கி நிற்கும் இடம் இது இல்லை.

நம் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இதில் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலைத் தூசி, கல் குவாரி வெடி, கொள்ளிடத்து மணல் என்று எதை எழுதினாலும் பணபலம் படைத்த ஒருவரின் கோபத்துக்கு ஆளாகிறார் தாலுகா நிருபர். பலருக்கு மாதச் சம்பளமோ, அரசின் அங்கீகார அட்டையோ கிடையாது. கையிலிருக்கும் செல்போனும் இருசக்கர வாகனமும்தான் அவர்களுடைய அலுவலகம். மிரட்டல் வந்தால் துணைக்கு வக்கீலும் இல்லை, ஆசிரியர் குழுவும் இல்லை. 2024 ஜனவரியில் பல்லடம் அருகே ஒரு தொலைக்காட்சி நிருபர், உதவி கேட்டுக் காவல்துறையைப் பலமுறை அழைத்த பிறகும் வெட்டப்பட்டார். பல்லடத்தில் நடந்தது செந்துறையிலோ ஆலத்தூரிலோ நடக்க எத்தனை நேரமாகும்?

ஆகவே கோரிக்கைகள் இரண்டு. மத்திய அரசு கூட்டணியில் சேர்ந்து, செய்தியாளர் மீதான குற்றங்களில் எல்லை தாண்டிய விசாரணைக்குத் துணை நிற்க வேண்டும். மகாராஷ்டிரச் சட்டமன்றம் 2017இலும், சத்தீஸ்கர் சட்டமன்றம் 2023இலும் நிறைவேற்றியதுபோல், தமிழ்நாடு செய்தியாளர் பாதுகாப்புச் சட்டம் இயற்ற வேண்டும். அங்கீகார அட்டை இல்லாத பகுதிநேர நிருபரையும் அது காக்க வேண்டும். மிரட்டல் புகார் வந்த அன்றே பதிவு செய்து பாதுகாப்பு தரும் பொறுப்பு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கே இருக்க வேண்டும்.

நிமலராஜனுக்கான நீதி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஊர் ஊராக அலைகிறது. நம் நிருபர் ஒருவருக்காக அது அலைய நேராமல் பார்த்துக்கொள்வது, நம் காவல் நிலையம் எடுக்கும் முதல் தொலைபேசி அழைப்பில் இருக்கிறது.