வாத்து விமானமும் நாற்பது மணி நேரமும்

வாத்து பறக்கும்போது பார்த்திருக்கிறீர்களா, தோழியரே? கழுத்து வெகுதூரம் முன்னே நீண்டிருக்கும். இறக்கைகளோ உடலின் பின்புறத்தில் அடித்துக்கொள்ளும். 1906ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் சாந்தோஸ் டூமோன் பறந்து காட்டிய விமானம் ஏறத்தாழ அந்தக் கோலத்தில்தான் இருந்தது. பெட்டி போன்ற சிறு சிறகு முன்னே துருத்தி நிற்க, பெரிய சிறகுகள் பின்னே இருந்தன. பிரெஞ்சு மொழியில் வாத்துக்குக் 'கனார்' என்று பெயர். முன்சிறகு கொண்ட விமானங்களுக்கெல்லாம் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ரைட் சகோதரர்கள் 1903இல் பறந்த விமானமும் இவ்வினத்தைச் சேர்ந்ததுதான். பின்னர் வந்தவர்கள் சிறு சிறகை வாலுக்குக் கொண்டுபோனார்கள். வாத்து ஏறக்குறைய மறக்கப்பட்டது.

சிறு விமானங்களில் அதற்கு மறுவாழ்வு தந்தவர் பர்ட் ரூட்டான் என்ற அமெரிக்கர். எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் சோதனைப் பொறியாளராக இருந்த அவர், போர் விமானங்கள் கட்டுப்பாடிழந்து சுழன்று விழும் விதத்தை ஆராய்ந்தவர். சுவீடன் நாட்டு விகன் போர் விமானத்தின் வடிவில் மனம் பறிகொடுத்து, 'வாரிவிகன்' என்ற சிறு விமானத்தைத் தாமே கட்டி 1972இல் பறக்கவிட்டார். பெரிய நிறுவனங்களைப் போலக் காற்றுச் சுரங்கத்துக்கு அவர் எங்கே போவார்? சிறு மாதிரி ஒன்றைச் செய்து தம் கார் கூரைமேல் பொருத்தி, சாலையில் ஓட்டிச் சென்று விசைகளை அளந்தார்! அடுத்து 1975இல் 'வாரிஈஸி', 1979இல் 'லாங் ஈஸி'. இவற்றின் வரைபடங்களை விலைக்கு வாங்கி ஆயிரக்கணக்கானோர் வீட்டிலேயே விமானம் கட்டத் தொடங்கினார்கள். தெர்மோகோல் போன்ற நுரைக்கட்டியைச் சூடேற்றிய கம்பியால் சிறகு வடிவில் அறுத்து, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, எபாக்ஸி பிசின் பூசிக் காயவைக்க வேண்டும். அச்சு வேண்டாம், பெரிய எந்திரங்களும் வேண்டாம்.

இவ்விமானத்தின் பெருமை, அது எளிதில் 'ஸ்டால்' ஆவதில்லை என்பது. விமானத்தின் மூக்கை மிகையாக நிமிர்த்தினால் சிறகின்மேல் காற்று ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடும், தூக்குவிசை போய்விடும். சாதாரண விமானம் அப்போது சட்டென்று விழலாம், சுழலவும் செய்யலாம். வாத்து விமானத்திலோ முன்சிறகு முதலில் தளரும்படி அமைத்திருக்கிறார்கள். முன்சிறகு தளர்ந்ததும் மூக்கு தானே சற்றுத் தாழும், வேகம் கூடும், பெரிய சிறகு கடைசிவரை தன் பிடியை விடாது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

இந்த அழகைக் காட்டித்தான் சிலர் ஒரு வாதம் செய்கிறார்கள். "வடிவமைப்பு ஏற்கெனவே மெய்ப்பிக்கப்பட்டது, வரைபடத்தைப் பார்த்துக் கட்டியவனுக்குச் சோதனைப் பறப்பு எதற்கு?" என்கிறார்கள். அமெரிக்கச் சட்டப்படி, வீட்டில் கட்டிய விமானம் குடியிருப்புகள் குறைந்த ஓர் எல்லைக்குள், பயணிகளை ஏற்றாமல், வழக்கமாக 40 மணி நேரம் பறந்து காட்ட வேண்டும். சான்று பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் பொருத்தியிருந்தால் 25 மணி நேரம் போதும். இதை வீண் தொல்லை என்று முணுமுணுப்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

முதலில் எடையை எடுத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையத்தைப் பற்றி நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். இங்கே அது உயிர்ப் பிரச்சினை. எடை சற்றே பின்னால் நகர்ந்தாலும் முன்சிறகின் சுமை குறைகிறது. அப்போது முன்சிறகு தளரும் முன்பே பெரிய சிறகு தளர்ந்துவிடக்கூடும். மூக்கைத் தாழ்த்த வழியில்லாமல் விமானம் தட்டையாகக் கீழே இறங்கும். இத்தகைய நிலையிலிருந்து மீள்வது அரிது. கர்ட்டிஸ் நிறுவனத்தின் எக்ஸ்பி-55 என்ற முன்சிறகுப் போர் விமானம் 1943 நவம்பரில் ஸ்டால் சோதனையின்போது தலைகீழாகப் புரண்டு, 16,000 அடி விழுந்தது. விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினார். வீட்டில் கட்டுபவர் பிசினைச் சற்றுத் தாராளமாகப் பூசினால் போதும், எடைக்கணக்கு மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு விமானத்தையும் மூன்று சக்கரங்களின் கீழும் தராசு வைத்து நிறுத்தே தீர வேண்டும்.

லாங் ஈஸியை நிறுத்திவைக்கும் முறையும் வேடிக்கையானது. விமானி இறங்கிவிட்டால், பின்னாலுள்ள எஞ்சினின் பாரத்தால் விமானம் மல்லாந்துவிடும். அதனால் முன்சக்கரத்தை மடக்கி, மூக்கைத் தரையில் ஊன்றி, மண்டியிட்டு வணங்குவதுபோல் வைத்திருப்பார்கள்.

மழை இன்னொரு பாடம் புகட்டியது. தொடக்ககால முன்சிறகின் வடிவம் மிகவும் வழவழப்பான காற்றோட்டத்தை நம்பியிருந்தது. அதன்மேல் மழைத்துளிகள் படிந்ததும் தூக்குவிசை குறைந்து மூக்கு தாழ்ந்தது. விமானி பிடியைப் பின்னால் இழுத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. கையால் தேய்த்து வழவழப்பாக்கிய சிறகுகள் ஆதலால், ஒரே வரைபடத்தில் பிறந்த இரு விமானங்கள்கூட மழையில் ஒன்றுபோல் நடந்துகொள்ளவில்லை. பின்னர் ஜான் ரான்ஸ் என்பவர் வேறொரு வடிவத்தை வகுத்தபின் இக்குறை நீங்கியது. காகிதத்தில் மழை பெய்வதில்லை. பறந்து பார்த்ததால்தான் தெரிந்தது.

மேலும், ஸ்டால் ஆகாத வரத்துக்கு விலையும் உண்டு. பெரிய சிறகில் இறங்குமடல்கள் வைத்தால் அந்த விசையை ஈடுகட்டச் சிறு முன்சிறகால் இயலாது. எனவே இவை வேகமாகத்தான் தரையிறங்கும். நீண்ட ஓடுதளமும் வேண்டும். புரொப்பெல்லர் பின்னால் இருப்பதால், சக்கரம் வாரியெறியும் கல் அதைத் தாக்கும்.

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் லாங் ஈஸியில் விழுந்து இறந்தார். அவ்விமானம் அவர் கட்டியதன்று; சற்று முன்பு விலைக்கு வாங்கியது. வரைபடத்தின்படி எரிபொருள் தொட்டியை மாற்றும் திருகு விமானியின் கால்களுக்கிடையே இருக்க வேண்டும். கட்டியவரோ, எரிபொருள் குழாய் தம் அருகே வர வேண்டாமென்று, அதை இடத் தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அதைத் திருப்ப வேண்டுமானால் பிடியை விட்டு உடலை முறுக்க வேண்டும்; முறுக்கும்போது வலக்கால் சுக்கான் மிதியை அழுத்திவிடும். விசாரணைக் குழு இதையே முதற்காரணமாகக் கண்டது. புறப்படுமுன் எரிபொருள் நிரப்பாததையும், அவ்வகை விமானத்தில் போதிய பயிற்சி இல்லாததையும் அது சுட்டிக்காட்டியது.

இந்த இடத்தில் எங்கள் கருத்தை அழுத்தமாகவே சொல்கிறோம். அந்த விமானம் பத்தாண்டு பறந்ததுதான். ஆனால் அதைக் கட்டியவருக்கு அந்தத் திருகு பழகிய வீட்டுத் தாழ்ப்பாள். வாங்கியவருக்கு அது இருட்டறை. கையால் கட்டிய விமானம் கைமாறும்போது மீண்டும் புதிய விமானமே ஆகிறது. வாங்குபவர் தரையில் உட்கார்ந்தும், துணை விமானியோடு பறந்தும், ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பழகும்வரை அதைத் தனியே எடுக்கலாகாது. மணிக்கணக்கை மட்டும் நிரப்பினால் போதுமென்றும் நாங்கள் சொல்லவில்லை. ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தே 40 மணி நேரத்தைக் கழித்துவிட முடியும். அண்மை ஆண்டுகளில் மணிக்கணக்குக்குப் பதிலாக, குறித்த சோதனைகள் அனைத்தையும் ஒவ்வொன்றாக முடிப்பதும் அமெரிக்காவில் ஏற்கப்படுகிறது. இம்மாற்றத்தை நாங்கள் வரவேற்கிறோம்.

பெண்களாகிய நமக்குப் பெருமை தரும் பெயர் ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. ஜீனா யேகர், ரூட்டானின் அண்ணன் டிக் ரூட்டானுடன் 'வாயேஜர்' என்ற முன்சிறகு விமானத்தில் எங்கும் இறங்காமல், வழியில் எரிபொருளும் நிரப்பாமல் உலகைச் சுற்றியவர். ஒன்பது நாள் பயணத்தைத்தான் உலகம் பேசுகிறது. ஆனால் வாயேஜர் முதன்முதல் பறந்தது 1984 ஜூனில். இடைப்பட்ட இரண்டரை ஆண்டும் சோதனையிலேயே கழிந்தது. 1986 ஜூலையில் இருவரும் கலிபோர்னியாக் கடலோரமாக 111 மணி நேரம் இடைவிடாது வட்டமிட்டுப் பார்த்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு சோதனையின்போது புரொப்பெல்லரின் ஓர் அலகு முறிந்து பறந்தது. இரண்டு புரொப்பெல்லர்களையும் கழற்றிவிட்டு வேறு வகையைப் பொருத்தினார்கள். அந்த அலகு ஒரு பெருங்கடலின் நடுவில் முறிந்திருந்தால்?

டிசம்பர் 14 அன்று எட்வர்ட்ஸ் தளத்தில் கிளம்பியபோது எரிபொருள் மட்டுமே 3,000 கிலோவுக்கு மேல். பாரம் தாங்காமல் சிறகு நுனிகள் தரையில் தேய்ந்தன. 23ஆம் நாள் அதே தளத்தில் இறங்கியபோது தொட்டிகளில் மிஞ்சியிருந்தது 50 கிலோவுக்கும் குறைவு.