வர்ணப்பெட்டி மயக்கம்

பெட்டியில் வர்ணங்கள் பெருகப் பெருகச் சித்திரத்தில் உயிரும் பெருகும் என்றும், காகிதம் வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் நிறம் எடுபடும் என்றும் ஓர் அபிப்பிராயம் நம் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் வேரூன்றிப் போயிருக்கிறது. பிள்ளைக்குச் சித்திரத்தில் ஆசை என்று தெரிந்ததும் 12 பென்சில் பெட்டியை விட்டு 24-ம், அதையும் விட்டு 48-ம் வாங்கித் தருகிற பெற்றோரின் வாத்ஸல்யத்தை நான் குறை கூறவில்லை. ஆயினும் மனித உருவத்தைத் தீட்டும் கலைக்கு இந்த நம்பிக்கை இழைத்துவரும் கேடு சாமானியமானதன்று.

கோடையில் மரக்காணத்து உப்பளங்களின் வரப்பில் நின்று, நீண்ட கம்பில் பொருத்திய பலகையால் பாத்தியில் உப்பு வாருகிற ஒருவரைக் கூர்ந்து நோக்குங்கள். மற்ற இடங்களில் வெளிச்சம் மேலிருந்து விழுகிறது. அங்கேயோ விளைந்து கிடக்கும் உப்பும் தேங்கிய நீரும் வெயிலை வாங்கி மேல்நோக்கி எறிவதால், இருண்டு கிடக்கவேண்டிய கண்குழியும், மோவாயின் அடிப்புறமும், முன்கையின் உட்பக்கமும் ஒரு மங்கிய ஒளி பெற்றுத் துலங்குகின்றன. குனிந்த முதுகின் விரிவெல்லாம் கருமையும் செம்மையும் கலந்த ஒரே மண்நிறமாயிருக்க, வியர்வை வழியும் தோள்மேட்டில் மட்டும் ஒரு கீற்று வெள்ளை மின்னுகிறது. இந்தத் தேகத்தின் சௌந்தரியம் நிறங்களின் கூட்டத்தில் இல்லை. இருளுக்கும் ஒளிக்கும் இடையிலுள்ள நுட்பமான தரபேதத்தில் இருக்கிறது.

இதை வெள்ளைக் காகிதத்தில் தீட்டப் புகுந்தவன் பாடு என்ன? காகிதமே யாவற்றிலும் பிரகாசமாயிருப்பதால், அந்த ஒற்றைக் கீற்றைக் காட்டுவதற்காக முதுகு முழுவதையும், முதுகைச் சுற்றியுள்ள வெளி முழுவதையும் அவன் தேய்த்துத் தேய்த்து இருட்டாக்கவேண்டும்; அதற்குள் உப்பு வாருகிறவர் நிமிர்ந்து அடுத்த பாத்திக்குப் போயிருப்பார். பழுப்புத் தாளிலோ இருளுக்கும் ஒளிக்கும் நடுவிலுள்ள அந்த மண்நிறம் முன்பே வந்து காத்திருக்கிறது. கறுப்பால் நிழலையும், செங்காவியால் இரத்தம் ஓடும் காதுமடலையும் முழங்கையையும் தொட்டுவிட்டு, வெள்ளைப் பென்சிலைக் கடைசியில் ஒரே இடத்தில் அழுத்தினால், உரு எழுந்து நிற்கும்.

"கீழிருந்து வரும் ஒளியில் நீலச்சாயை இருக்கிறதே, அதற்கு நீலம் வேண்டாமா?" என்பர். வேண்டியதில்லை. ஒரு நிறம் தன் அண்டைநிறத்தால் மாறித் தோன்றும் என்பதைப் பாரிஸ் கோப்லான் நெசவுச்சாலையில் சாயப்பணிக்குத் தலைவராயிருந்த ரசாயன சாஸ்திரி ஷெவ்ரல் 1839-இல் நூலாகவே எழுதி நிறுவினார். வெதுவெதுப்பான பழுப்பின்மீது கறுப்பையும் வெள்ளையையும் லேசாகக் கலந்து பூசினால் அந்தச் சாம்பல் நம் கண்ணுக்கு நீலமாகவே தெரியும். குறைந்த வர்ணங்களே பெட்டியில் இல்லாத வர்ணத்தைப் பிறப்பிக்கின்றன. மேல்நாட்டு ஓவியரில் வாத்தோ முதலியோர் செஞ்சுண்ணம், கருஞ்சுண்ணம், வெண்சுண்ணம் என்ற மூன்றோடு நின்றனர். 1508-இல் ஓவியர் டியூரர் கூப்பிய இரு கரங்களை நீலத்தாளில் தூரிகையின் கருமையாலும் வெண்மையாலும் மட்டுமே தீட்டினார். நம் சித்தன்னவாசல் ஓவியங்களின் நடனமாதர்களும் மண்ணும் கரியும் சுண்ணாம்பும் தந்த சில வர்ணங்களில் 9-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

பெட்டியின் மிகப் பெரிய அபராதம் வேறொன்று. அமெரிக்கக் கிரயோலா கம்பெனி, வெளிறிய ரோஜாநிறக் குச்சி ஒன்றுக்குச் 'சதை' என்று பெயரிட்டு விற்று, 1962-இல்தான் அப்பெயரைக் கைவிட்டது. பெயர் போயிற்று, பழக்கம் போகவில்லை. இன்றும் நம் குழந்தைகள் மனித முகம் என்றால் அந்தக் குச்சியையே தேடி எடுக்கிறார்கள். தங்கள் தாயின் நிறம் அதுவன்று என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. உழைத்துக் கறுத்த ஒரு சரீரத்துக்கு ரோஜாநிறம் பூசுவதைக் காணும்போது என் மனம் கொதிக்கிறது. பழுப்புத் தாளில் தொடங்குகிறவன் நம் மனிதர்களின் மேனியிலிருந்தே தொடங்குகிறான்.

மீன்கொத்தியின் சிறகை வரைகிறவர் பெரிய பெட்டி வாங்கட்டும். அதில் எனக்கு விவாதமில்லை. கூடை சுமந்து வரப்பில் போகிற பெண்ணின் பச்சைச் சேலை அவசியமென்று தோன்றினால், நாலாவதாக ஒரு பச்சைப் பென்சிலைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பள்ளிகளில் சித்திரப் போட்டி நடத்துகிறவர்கள், தாளின் மூலைமுடுக்கெல்லாம் வர்ணத்தால் நிரப்பிய படத்துக்கே பரிசளிக்கும் வழக்கத்தை இந்த ஆண்டே நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு பழுப்புத் தாளும் மூன்று பென்சிலும் கொடுத்து, எதிரே உழைக்கிற ஒரு மனிதரை வரையச் சொல்லவேண்டும்.