பசித்தீபனம்



பிரசங்கி 12:5-இல் ‘பசித்தீபனம்’ என வாசிக்கிறோம். எபிரெய மூலத்தில் அது ‘அபியோனா’. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் ‘கப்பாரிஸ்’ என்னும் முட்செடி. வறண்ட மலைச்சரிவுகளிலும், எருசலேமின் மேற்கு மதிலுடைய கல்லிடுக்குகளிலும் இன்றும் அது வெண்மையாய்ப் பூக்கிறது. நம் ஊர்க் காடுகளின் ஆதொண்டை அதன் இனமே. பசியைத் தூண்டுவதற்கென்று முன்னோர் அதை உண்டனர். முதுமையிலோ அதுவும் பயனற்றுப்போம் என்கிறார் பிரசங்கி.

மட்டாஞ்சேரியில் பிரயாசப்படும் சகோதரனே, சகோதரியே, ஊரிலிருக்கும் பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறீர்கள், நல்லது. ஆயினும் பசியற்றுப்போனவர்களைப் பணம் புசிக்கச்செய்யுமோ? உங்கள் முகத்தைக் கண்டால் ஒரு கவளமாவது இறங்கும். சிலுவையின் வேதனையிலும் நம் ஆண்டவர் தம் தாயை அன்பான சீஷனிடம் ஒப்புவித்தாரே! பண்டிகைவரை காத்திராதிருங்கள். இம்மாதமே சென்று, அவர்களோடு பந்தியிருந்து ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.